பக்கத்து ஊரில் ஆஸ்பத்திரி, நம் கடை வாசலில் நெரிசல்



அவிநாசி சாலையில் கடை வைத்திருக்கும் நமக்கு இரண்டு கணக்குகள் உண்டு. ஒன்று கல்லாக் கணக்கு. மற்றொன்று, வண்டி நிறுத்த இடமில்லாமல் கடையைத் தாண்டிப் போய்விட்ட வாடிக்கையாளரின் கணக்கு. முதல் கணக்கை இரவு கடை அடைக்கும் முன் எண்ணி முடித்துவிடுகிறோம். இரண்டாவது கணக்கு எந்தப் பேரேட்டிலும் ஏறுவதில்லை. ஆனால் வருட முடிவில் இருப்பு குறைந்திருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

பீளமேட்டில் இந்த இரண்டாவது கணக்கு ஏன் வளர்கிறது என்று கேட்டால், பலரும் ஒரே வார்த்தையில் டிராபிக் என்று சொல்லிவிடுவார்கள். அந்த நெரிசலில் ஒரு பகுதி நம் ஊரில் உண்டானது. இன்னொரு பகுதி, நகர எல்லைக்கு வெளியே வேறொரு அலுவலகத்தில் அனுமதி பெற்று எழும்பும் கட்டிடங்களிலிருந்து வருவது. அனுமதி ஓரிடம், சுமை வேறிடம் என்ற இந்த நிலையைப் பற்றி வணிகர்களாகிய நாம் தெரிந்துகொள்ள வேண்டியவற்றை இங்கே எழுதுகிறோம்.

மில் ஊர் மருத்துவ ஊரானது

நம் மூத்த வணிகர்களுக்கு மில் சங்கு ஊதும் நேரத்தை வைத்துக் கடை நடத்திய காலம் நினைவிருக்கும். ஷிப்டு விடும் நேரத்தில் கூட்டம், சம்பள நாளில் கடன் பாக்கி வசூல், தீபாவளி போனஸ் வந்தால் எண்ணெயும் வெல்லமும் மூட்டை மூட்டையாக விற்பனை. தொழிலாளி சைக்கிளில் வந்தார் அல்லது நடந்து வந்தார். அவருக்கு நிறுத்த இடம் கேட்டு நாம் யாரிடமும் மனுக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

பிறகு ஊரின் முகம் மாறியது. 1966ல் தொடங்கிய கோவை அரசு மருத்துவக் கல்லூரியின் வளாகம் அவிநாசி சாலையில் அமைந்தது. அதன் மருத்துவமனை மட்டும் திருச்சி சாலையில். 1985ல் பி.எஸ்.ஜி. மருத்துவக் கல்லூரி வந்தது. 1990ல் கே.எம்.சி.எச். தொடங்கியது. 1997ல் அரவிந்த் கண் மருத்துவமனை இதே சாலையில் கோவைக் கிளையைத் திறந்தது. 2019ல் கே.எம்.சி.எச். சார்பிலும் ஒரு மருத்துவக் கல்லூரி ஏற்பட்டது. அதற்கும் கிழக்கே, புறவழிச்சாலை பிரியும் நீலாம்பூரில் ராயல் கேர் மருத்துவமனை எழும்பியது. ஈரோடு, திருப்பூர், நீலகிரி, பாலக்காடு என்று நான்கு திசையிலிருந்தும் நோயாளிகள் இந்த ஒரு சாலையைத் தேடி வருகிறார்கள்.

இதனால் நமக்கு வியாபாரம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. பிளாஸ்க், வாளி, மக்கு, பாய், பிரெட், பால், குளுக்கோஸ், சோப்பு, வாழைப்பழம் என்று நோயாளியின் துணைக்கு வருபவர் வாங்குகிற சரக்கு தனி வகை. அவர் கடன் சொல்வதில்லை. ரொக்கமாகவோ செல்போனிலோ உடனே கொடுத்துவிடுகிறார். ஆனால் அதே காரணத்தால் கடை வாடகையும் ஏறியது. மளிகைக் கடை இருந்த இடத்தில் மருந்துக் கடையும் லேபும் வந்தன. மாதச் சாமான் வாங்கும் உள்ளூர்க் குடும்பம் வண்டி நிறுத்த வழியில்லாமல் மெல்ல விலகியது. வழிப்போக்கர் கூட்டம் கூடி, நிலையான வாடிக்கை குறைந்தால் அது லாபமா நட்டமா என்பதை ஒவ்வொருவரும் தம் கடைக் கணக்கைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

ஆஸ்பத்திரி நெரிசல் தனி ரகம்

பள்ளிக்கூட நெரிசல் காலை ஒன்று, மாலை ஒன்று. சினிமாக் கொட்டகை நெரிசல் ஆட்டம் விடும்போது. ஆஸ்பத்திரிக்கு அப்படி ஒரு நேரம் கிடையாது. காலையில் வெளிநோயாளிகள், ஷிப்டு மாறும்போது நர்சுகளும் ஊழியர்களும், மாலையில் நோயாளியைப் பார்க்க வரும் உறவினர்கள், இடையிடையே மருந்து, ஆக்சிஜன், சமையல் சாமான், சலவைத் துணி, கழிவு ஏற்றும் வண்டிகள். ஆம்புலன்ஸ் எந்த நேரமும் வரும்.

நம் பாணியில் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இது எந்த மருத்துவமனையின் கணக்கும் அல்ல, விளங்கிக்கொள்வதற்கான உதாரணம் மட்டுமே. 500 படுக்கையில் 400 நிரம்பியிருக்கிறது. ஒரு நோயாளிக்குத் துணை ஒருவர், பார்க்க வருபவர் இருவர் என்றால் 1,200 பேர். வெளிநோயாளிகள் 1,000 பேர், உடன் ஒருவர் வந்தால் 2,000 பேர். எல்லா ஷிப்டும் சேர்த்து ஊழியர் 1,500 பேர். மொத்தம் 4,700. இதில் பாதிப் பேர் பஸ்ஸில் வருவதாகவே வைத்துக்கொள்வோம். மீதி 2,350 பேர், வண்டிக்கு இருவர் வீதம் சுமார் 1,175 வண்டிகள். உள்ளே போனது வெளியே வரவும் வேண்டுமல்லவா? ஆக 2,350 முறை அந்த வாசலில் வண்டி திரும்பும். 10 மணி நேரத்துக்குப் பிரித்தால் மணிக்கு 235, நிமிடத்துக்கு ஏறக்குறைய 4 வண்டிகள். ஒரு வண்டி வாசலில் டோக்கன் வாங்க அரை நிமிடம் நின்றாலே அதன் பின்னால் இரண்டு வண்டி சேர்ந்துவிடும். அந்த வரிசை சாலைக்கு வந்தால், அடுத்து நிற்பது நம் கடை வாசலில்.

உள்ளே நிறுத்தக் கட்டணம் அதிகம் என்றால் இன்னும் மோசம். கட்டணத்துக்குப் பயந்தவர் வண்டியைப் பக்கத்துச் சந்தில், நம் ஷட்டருக்கு எதிரே விட்டுவிட்டுப் போகிறார். காலை 9 மணிக்கு விட்ட வண்டியை மாலையில்தான் எடுக்கிறார். அவரைக் கோபிக்கவும் மனம் வருவதில்லை. உள்ளே படுத்திருப்பது அவருடைய தாயாராக இருக்கலாம்.

மேம்பாலம் எதைத் தீர்த்தது?

உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரை 10.1 கிலோமீட்டர் நீள மேம்பாலம், சுமார் 1,791 கோடி ரூபாய் செலவில் கட்டப்பட்டு, 2025 அக்டோபர் 9ஆம் தேதி திறக்கப்பட்டது. நம் ஊர் விஞ்ஞானி ஜி.டி. நாயுடு அவர்களின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. கட்டுமான வருடங்களில் தூசியும் தடுப்புகளும் சேர்ந்து நம் வியாபாரத்தை எப்படிப் பாதித்தன என்பது நம் எல்லோருக்கும் தெரிந்ததே. அந்தச் சிரமத்துக்குப் பலனும் இருக்கிறது. ஊரைக் கடந்து போகிற வண்டிகளுக்கு இப்போது மேலே தனி வழி கிடைத்திருக்கிறது.

ஆனால் ஆஸ்பத்திரிக்கு வருகிறவர் ஊரைக் கடந்து போகிறவர் அல்ல. அவர் கீழே இறங்கித்தான் ஆக வேண்டும். நம் கடைக்கு வருகிறவரும் அப்படியே. மேலே எவ்வளவு வேகமாக வந்தாலும் இறங்குகிற இடத்திலும், வளாக வாசலிலும், நிறுத்துகிற இடத்திலும்தான் அவருடைய பயணம் முடிகிறது. ஆகவே பாலம் கட்டியாயிற்று, இனி இந்தச் சாலையில் எத்தனை மருத்துவ வளாகம் வந்தாலும் தாங்கும் என்று யாராவது சொன்னால் அதை ஒப்புக்கொள்ள இயலாது. பாலம் குறைத்தது கடந்து போகும் வண்டிகளை. வந்து நிற்கும் வண்டிகளை எந்தப் பாலமும் குறைக்காது.

இதே சாலையில் உக்கடத்திலிருந்து நீலாம்பூர் வரை மெட்ரோ ரயில் பாதை ஒன்றும் திட்டமிடப்பட்டது. அந்தத் திட்ட அறிக்கையை மத்திய அரசு 2025 நவம்பரில் திருப்பி அனுப்பிவிட்டது. மெட்ரோ வரும், நெரிசல் குறையும் என்று நம்பி இன்றைக்கு அனுமதி கொடுப்பது, வராத சரக்குக்கு முன்பணம் வாங்கியது போலாகும்.

எல்லை யாருடையது, சாலை யாருடையது?

நீலாம்பூரில் மருத்துவமனை வந்தபோது அது மாநகராட்சிக்கு வெளியே ஊராட்சியாக இருந்த ஊர். அங்கே கட்டிட அனுமதி கேட்டு வரும் விண்ணப்பத்தில் அந்த இடத்தின் அளவு, மாடி, பக்க இடைவெளி, உள்ளே எத்தனை வண்டி நிறுத்தலாம் என்பன பார்க்கப்படும். நோயாளி பஸ் இறங்குவது ஹோப் காலேஜிலா, அவருடைய உறவினர் லாட்ஜ் தேடுவது பீளமேட்டிலா, ரத்தம் வாங்க ஆள் ஓடுவது எந்த வழியில் என்பதெல்லாம் அந்த வரைபடத்தில் இருக்காது. சாலையோ மாநில நெடுஞ்சாலைத் துறையுடையது. போக்குவரத்தை ஒழுங்குபடுத்துவது மாநகரக் காவல் துறை. நடைபாதையும் சாக்கடையும் மாநகராட்சி. ஆளுக்கொரு துண்டு. முழுச் சுமையையும் ஒன்றாகப் பார்ப்பவர் கடை வாசலில் உட்கார்ந்திருக்கும் நாம் மட்டுமே.

சட்டத்தில் வழி இல்லாமல் இல்லை. 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி, 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் கட்டும் பெரிய கட்டிடங்களுக்கு முன் அனுமதி வேண்டும். அதற்கான படிவத்திலேயே, இந்தத் திட்டத்தால் வாகனம் நிறுத்த இடத்தட்டுப்பாடு வருமா, இப்போதுள்ள சாலை வசதி என்ன, வாசலில் வண்டிகள் நுழைந்து வெளியேறுவதை எப்படி ஒழுங்குசெய்வீர்கள் என்ற கேள்விகள் இருக்கின்றன. நல்ல கேள்விகள்தான். ஆனால் இவ்வகைக் கட்டிடத் திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் கட்டாயமில்லை என்று அதே அறிவிக்கை விலக்கும் அளித்திருக்கிறது. கேள்வி இருக்கிறது, பதிலும் எழுதப்படுகிறது. பக்கத்து ஊர்க்காரர் அந்தப் பதிலைப் படித்து, இது சரியில்லை என்று சொல்ல ஒரு மேடைதான் இல்லை. விண்ணப்பங்கள் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் வெளியிடப்படுகின்றன. படித்த பிள்ளைகள் நம் வீட்டிலேயே இருக்கிறார்கள். மாதம் ஒருமுறை அவர்களைப் பார்க்கச் சொன்னால், அஸ்திவாரம் தோண்டிய பிறகு அல்ல, அதற்கு முன்பே நமக்கு விஷயம் தெரியும்.

பக்கத்து நகரம் கேட்டது, கிடைத்தது

இது நமக்கு மட்டும் நேர்ந்த தொல்லை அல்ல. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் பாலோ ஆல்டோ என்ற நகரம் இருக்கிறது. புகழ்பெற்ற ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மருத்துவமனை அந்த நகர எல்லைக்குள் உள்ளது. பல நூறு கோடி டாலர் செலவில் அதைப் பெரிதாக்கிப் புதுப்பிக்கத் திட்டம் போட்டபோது, எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் மென்லோ பார்க் என்ற சிறிய நகரம் கவலை தெரிவித்தது. ஆஸ்பத்திரி உங்கள் ஊரில், வரி வருமானம் உங்களுக்கு, வண்டிகள் மட்டும் எங்கள் தெருவிலா என்பதே அதன் சாரம்.

அந்த மாநிலத்தில் 1970ல் வந்த சுற்றுச்சூழல் சட்டப்படி, பெரிய திட்டத்தின் பாதிப்பை முன்கூட்டியே ஆராய்ந்து அறிக்கை வெளியிட வேண்டும். பக்கத்து நகராட்சி எழுத்துமூலம் ஆட்சேபம் தெரிவித்தால் அதற்கு எழுத்துமூலம் பதில் சொல்லியாக வேண்டும். பேச்சுவார்த்தைக்குப் பின் 2011ல் பாலோ ஆல்டோ நகர மன்றம் அனுமதி அளித்தது. அந்த ஒப்பந்தத்தில் மருத்துவமனை ஊழியர்களுக்கு ரயில் பாஸ் வாங்கிக் கொடுப்பதும் சேர்ந்திருந்தது. ஊழியர் ரயிலில் வந்தால் அவருடைய கார் சாலைக்கே வராதல்லவா? புதிய மருத்துவமனை 2019ல் திறக்கப்பட்டது. மென்லோ பார்க் மருத்துவமனையைத் தடுக்கவில்லை. கவலையைக் காலத்தில், எழுத்தில், கணக்கோடு சொன்னது. நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் அவ்வளவே.

எல்லாச் சுமையும் சுமை அல்ல

நியாயமாகப் பேசுவதென்றால் மறுபக்கமும் சொல்ல வேண்டும். பக்கத்து ஊரில் வரும் ஆஸ்பத்திரி சில சமயம் நம் சாலைக்கு நிம்மதியும் தரும். 2022 ஜனவரி 12ஆம் தேதி தமிழ்நாட்டில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகள் ஒரே நாளில் திறந்து வைக்கப்பட்டன. அவற்றில் திருப்பூரும் நீலகிரியும் உண்டு. பனியன் கம்பெனித் தொழிலாளிக்குத் திருப்பூரிலேயே நல்ல சிகிச்சை கிடைத்தால், அவர் அரை நாள் கூலியை விட்டு அவிநாசி சாலையில் பஸ் ஏற வேண்டியதில்லை. ஊட்டிக்காரர் மலை இறங்க வேண்டியதில்லை. அந்த ஊர் ஆஸ்பத்திரிகளில் டாக்டரும் மருந்தும் குறையாமல் இருக்க வேண்டும் என்று கோருவதும் ஒரு வகையில் பீளமேட்டு நெரிசலுக்கான கோரிக்கைதான்.

வேலூரைப் பாருங்கள். 1900ல் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒரு படுக்கையோடு தொடங்கிய சி.எம்.சி. மருத்துவமனை, ஊர் நடுவே வளர்ந்து நாடெங்கும் பெயர் பெற்றது. அதை நம்பி லாட்ஜ், மெஸ், பழக்கடை, மளிகைக் கடை என்று ஒரு கடைவீதியே பிழைக்கிறது. 2022ல் சி.எம்.சி. தன் பெரிய புதிய வளாகத்தைப் பக்கத்து ராணிப்பேட்டை மாவட்டத்தில், சென்னை பெங்களூர் தேசிய நெடுஞ்சாலை ஓரமாகத் திறந்தது. இப்படி வளாகம் வெளியே போனால் ஊர் நடுவே மூச்சு விட இடம் கிடைக்கும். அதே சமயம் நோயாளியை நம்பியிருந்த சின்னக் கடைக்கு வாடிக்கையும் இடம் மாறும். நெரிசல் போகட்டும் என்று கேட்கும்போது, வியாபாரமும் சேர்ந்து போகும் என்பதை நாம் மறக்கக் கூடாது. ஆகவே ஆஸ்பத்திரியே வேண்டாம் என்பது நம் வாதமல்ல. வருகிற கூட்டம் நின்று, இறங்கி, வாங்கிப் போக வழி வேண்டும் என்பதே நம் வாதம்.

முதலில் நம் வாசல்

மற்றவரிடம் கேட்கும் முன் நம் பக்கமும் சுத்தமாக இருக்க வேண்டும். இதைச் சொன்னால் சிலருக்கு வருத்தமாக இருக்கும். இருந்தாலும் சொல்கிறோம்.

ரங்கே கவுண்டர் வீதியிலிருந்து சரக்கு ஏற்றி வரும் வண்டி, காலை 10 மணிக்குக் கடை முன் நின்று அரை மணி நேரம் மூட்டை இறக்கினால், சாலையில் ஒரு வரிசை அடைபட்டது என்று பொருள். ஒரே தெருவில் ஐந்து கடைக்கு ஐந்து வண்டி தனித்தனியே வருவதைவிட, ஒரே வண்டியில் சேர்த்து ஏற்றி விடியற்காலையில் இறக்கினால் வாடகையும் மிச்சம், இறக்கு கூலியிலும் பேரம் பேசலாம். கம்பெனி சப்ளை வேன்களுக்கும் மதியம் கூட்டம் குறைந்த நேரத்தைக் குறித்துக் கொடுக்கலாம். நாம் ஒன்று சேர்ந்து சொன்னால் ஏஜென்சிகள் கேட்பார்கள்.

நடைபாதையில் எண்ணெய் டின்னும் வெங்காய மூட்டையும் அடுக்குவதை நிறுத்துவோம். நோயாளியைக் கைத்தாங்கலாக அழைத்து வருகிறவர் நம் மூட்டையால் சாலையில் இறங்கி நடக்கிறார் என்றால், அது நமக்கு அழகல்ல. கடை முன் நம் வண்டியையும் நம் பையன்களின் வண்டியையும் காலையிலேயே நிறுத்திவிட்டு, வாடிக்கையாளருக்கு இடமில்லை என்று குறை சொல்வதிலும் பொருளில்லை.

ஆம்புலன்ஸ் விஷயத்தில் சட்டமே கடுமையானது. 2019ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 194ஈ பிரிவின்படி, அவசர ஊர்திக்கு வழிவிடாதவருக்கு 6 மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் சேர்த்தே விதிக்கலாம். நம் சரக்கு வண்டி டிரைவர்களிடம் இதைச் சொல்லி வைப்பது நம் கடமை. சைரன் சத்தம் கேட்டால் இறக்குவதை நிறுத்தி வண்டியை நகர்த்து என்று சொல்ல அபராதமும் தேவையில்லை. அதில் நாளை நம் வீட்டு ஆளே வரலாம்.

நாம் கேட்க வேண்டியவை

நம் வாசலைச் சரி செய்த பிறகு, பின்வருவனவற்றைக் கேட்கும் உரிமை நமக்கு முழுமையாக உண்டு.

1. நகர எல்லைக்கு உள்ளேயோ வெளியேயோ, அவிநாசி சாலையை நம்பி வரும் எந்தப் பெரிய மருத்துவ வளாகத்துக்கும் போக்குவரத்து ஆய்வு, வளாக வாசலோடு நிற்காமல், வண்டிகள் வந்து சேரும் சந்திப்புகள் வரை செய்யப்பட வேண்டும். ஆய்வை வேலை நாளில், வெளிநோயாளி நேரத்தில் செய்ய வேண்டும்.

2. டோக்கன் கொடுக்கும் இடம் வாசலில் இல்லாமல் உள்ளே தள்ளி இருக்க வேண்டும். வண்டி வரிசை வளாகத்துக்குள்ளேயே நிற்க வேண்டும்.

3. வாகனம் நிறுத்தும் கட்டணம், உள்நோயாளியின் துணைக்கு வருபவர் சந்தைத் தேடி ஓடாத அளவுக்குக் குறைவாக இருக்க வேண்டும். ஊழியர் வாகனங்களுக்கும் உள்ளேயே இடம் வேண்டும்.

4. வெளியூர்ப் பஸ்கள் நின்று செல்லும் நிறுத்தத்திலிருந்து மருத்துவமனை வாசல் வரை நிழலும் நடைபாதையும் வேண்டும். ஷிப்டு நேரத்துக்குத் தகுந்த நகரப் பஸ் வேண்டும்.

5. கடைகளுக்கு அருகே குறுகிய நேரம் மட்டும் வண்டி நிறுத்தும் இடங்களும், சரக்கு இறக்கத் தனி நேரமும் குறித்துக் கொடுக்கப்பட வேண்டும். நாள் முழுவதும் நிற்கும் வண்டிகளை அங்கே அனுமதிக்கக் கூடாது.

இவற்றை யாரிடம் கேட்பது? மாவட்ட ஆட்சியர் தலைமையில் இயங்கும் சாலைப் பாதுகாப்புக் குழுவில் காவல் துறை, நெடுஞ்சாலைத் துறை, உள்ளாட்சி அமைப்புகள் எல்லாம் ஒரே மேஜையில் உட்காருகின்றன. மாநகராட்சி எல்லை அந்த மேஜையில் ஒரு தடையே அல்ல. நம் மனு அங்கே போக வேண்டும். கோவைக்கான முழுமைத் திட்டமும் நகரத்தோடு நிற்பதில்லை. சுற்றியுள்ள ஊர்களையும் சேர்த்தே தயாரிக்கப்படுகிறது. 1994ல் வந்த திட்டத்துக்குப் பிறகு, 2041ஆம் ஆண்டு வரைக்குமான வரைவு 2024ல்தான் வெளியிடப்பட்டது. இடையில் 30 வருடம். அத்தனை வருடத்தில் சாலை ஓரம் என்னென்ன எழும்பின என்பதை நாம் கண்ணால் பார்த்தோம்.

மனுவோடு கணக்கும் போக வேண்டும். ஒவ்வொரு கடைக்காரரும் ஒரு வாரம் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். கடை முன் எத்தனை மணிக்கு வண்டி தேங்கியது, எவ்வளவு நேரம் நின்றது, ஆம்புலன்ஸ் எத்தனை முறை சிக்கியது, வாங்க வந்தவர் நிறுத்த இடமில்லாமல் போனது எத்தனை என்று குறித்து வையுங்கள். பத்துக் கடைக்காரர் ஒரே வாரத்தில் எழுதிய நோட்டு, நூறு பேர் போட்ட கையெழுத்தைவிட அதிகாரியின் மேஜையில் கனமாக இருக்கும்.

இன்றைக்கு வாடிக்கையாளரிடம் செல்போன் இருக்கிறது. நம் கடைக்கு முன் நிறுத்த முடியாதவர் வீட்டுக்குப் போய்ப் பொத்தானை அழுத்தினால் பருப்பும் எண்ணெயும் வாசலுக்கே வந்துவிடும். ஒரு முறை அப்படிப் பழகியவரைத் திரும்ப அழைத்து வருவது கடினம். எனவே இந்த நோட்டை அடுத்த மாதம் தொடங்கலாம் என்று தள்ளிப்போட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம். வருகிற திங்கட்கிழமை கடை திறந்தவுடன் முதல் பக்கத்தில் தேதியைப் போடுங்கள்.